பெரிய சேர்வர் வாங்கச் சொல்வதற்கு முன்

மருதமுனையில் கைத்தறிக் கடை வைத்திருக்கும் ஒரு நானாவின் ஒன்லைன் கடையைத் திருத்திக் கொடுக்க மூன்று இரவுகள் போயின. கல்லடியில் இருந்துகொண்டு போனில் பேசித் தீராமல், கடைசியில் பஸ் ஏறிப் போய் அவருடைய கடையிலேயே உட்கார்ந்துதான் முடித்தேன். எங்கள் பக்கத்தில் வெப்சைட் செய்து கொடுக்கும் தம்பிமார் வாசிக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

நானாவின் ஒன்லைன் கடை, வெப்சைட் செய்யும் வேர்ட்பிரஸ் மென்பொருளில், விற்பனைக்கான வூகொமர்ஸ் என்ற பிளகின் (கூடுதலாகச் சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டு ஓடுகிறது. சாரன், சாறி, பெட்சீட், மேசை விரிப்பு எல்லாம் விற்கிறார். கூரியர் காசைக் கணக்கிட வேறொரு பிளகின். அதன் அட்டவணையில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி வரும். வரிக்கு நான்கு கட்டம்: உள்ளூர், கொழும்பு, மற்ற மாவட்டங்கள், மேலதிக எடை. நானா இரவிரவாக இருந்து எல்லாவற்றையும் நிரப்பிச் சேமித்திருக்கிறார். 'சேமிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்திருக்கிறது. திரும்பத் திறந்தால் கடைசி அறுபது வரிக்கு மேல் வெறுமை. மறுபடி நிரப்பினார், மறுபடியும் வெறுமை. அதற்குள் வெள்ளைச் சாரன் கேட்டு வந்த 11 ஓடருக்குக் கூரியர் காசு பூச்சியம் என்றே பில் போய்விட்டது. அதை அவர் தன் கைக்காசில் கட்டினார். ஒரு சாரன் விற்றால் அவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மனம் கேட்கவில்லை.

முதலில் ஹோஸ்டிங் எடுத்த இடத்தில், அதாவது வெப்சைட்டை வைக்கச் சேர்வரில் இடம் கொடுத்தவர்களிடம், கேட்டிருக்கிறார். 'வகை கூடிப்போச்சு, சேர்வர் தாங்காது, பெரிய பக்கேஜுக்கு மாறுங்க' என்றார்களாம். வருடக் காசு இரண்டு மடங்காகும். அந்தப் பதிலில்தான் எனக்குக் கோபம். சேர்வர் தாங்காவிட்டால் பக்கம் இழுபடும், நடுவில் நின்றுபோகும், வெள்ளைத் திரை வரும். இங்கே பக்கம் திறக்கிறது, சேமிக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வெட்டுகிறது. ஒரே இடத்தில் வெட்டினால் எங்கோ ஓர் எண் எல்லையாக நிற்கிறது என்று அர்த்தம். எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

நானும் உடனே எண்ணவில்லை. கடையின் நகல் ஒன்றை எடுத்து, அதில் மற்றப் பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, தோற்றத்தை அமைக்கும் 'தீம்' என்பதையும் மாற்றிப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டாம் இரவுதான் வகைகளை எண்ணினேன். 312. வரிக்கு நான்கு கட்டம் என்றால் 1248. ஒரு படிவத்திலிருந்து எத்தனை கட்டங்களை வாங்கிக்கொள்வது என்பதற்கு, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட பி.எச்.பி. மொழியில் ஓர் எல்லை உண்டு. மெக்ஸ் இன்புட் வார்ஸ் என்று பெயர். யாரும் மாற்றாவிட்டால் அது 1000. ஆயிரத்தை நான்கால் வகுத்தால் 250 வரி. வகைகள் அகரவரிசையில் நிற்பதால் 'வ'வில் தொடங்கும் வெள்ளைச் சாரன் வெட்டுக்குள் அகப்பட்டது. சேர்வரின் பிழைப் பதிவைத் திறந்தால், 1000ஐத் தாண்டிவிட்டது என்ற எச்சரிக்கை வரிவரியாக நிற்கிறது. நானாவின் திரைக்கு அது வரவே இல்லை.

இந்த எல்லைக்குக் காரணம் இருக்கிறது. வேண்டுமென்றே ஏராளமான கட்டங்களை அனுப்பி சேர்வரை முடக்கும் தாக்குதலைத் தடுக்கத்தான், 2012 ஜனவரியில் வந்த பி.எச்.பி. 5.3.9இல் இதைச் சேர்த்தார்கள். சரி, நல்ல விஷயம். ஆனால் வகைக்கு நான்கு கட்டம் போட்டுப் படிவம் செய்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வந்து சேர்ந்த வரிகளை எண்ணி, குறைந்தால் சிவப்பில் ஒரு வரி காட்டுவது பெரிய வேலையே இல்லை. ஐந்தில் ஒரு பங்கை எறிந்துவிட்டு 'சேமிக்கப்பட்டது' என்றால், அது கடைக்காரரிடம் சொல்லும் பொய்.

எல்லையைக் கூட்டும்போது பலர் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். வேர்ட்பிரஸின் கொன்ஃபிக் பைலில் ஒரு வரி எழுதி இதை மாற்ற முடியாது. அந்த வரி ஓடும் முன்பே பி.எச்.பி. படிவத்தை வாங்கி வெட்டி முடித்திருக்கும். நானாவின் ஹோஸ்டிங்கில், பி.எச்.பி.க்கான அமைப்புகளை எழுதும் யூசர் ஐ.என்.ஐ. (.user.ini) பைலில் 3000 என்று போட்டேன். அந்தப் பைலை பி.எச்.பி. வழமையாக 300 செக்கனுக்கு ஒருமுறைதான் திரும்பப் படிக்கும். மாற்றிய கையோடு சோதித்து, வேலை செய்யவில்லை என்று அழித்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

நிரப்பிய கட்டங்கள் அழியாமல் நின்றன. ஆனால் 312 வகை எப்படி வந்தது என்று நானாவிடம் கேட்டேன். "தம்பி, கடையில ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பேர் இருக்கு. அதத்தான் அப்படியே போட்டன்" என்றார். நீலக் கரைச் சாரன், நீலக் கரை பெரிய அளவு, நீலக் கரை சின்னக் கட்டம் என்று எல்லாம் தனித்தனி வகை. இதைச் சொன்னால் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்க இதில் ஒன்றும் இல்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர், துணியைத் தொட்டே நூலைச் சொல்வார். அந்த அறிவை எங்கே போடுவது என்று அவருக்கு யாரும் காட்டவில்லை. கடையைக் கட்டிக் கொடுத்தவர் 'வகை' என்ற ஒரு பெட்டியை மட்டும் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

வாங்க வருபவர் முதலில் கேட்பது சாரனா சாறியா என்பதுதான். அது வகை. 'நீலம் இருக்கா, பெரிசு இருக்கா' என்று அடுத்துக் கேட்பதற்கு வூகொமர்ஸில் பண்புகள் என்று தனியிடம் இருக்கிறது. (பண்புகளும் டேட்டாபேஸில் அதே அட்டவணைகளில்தான் போய் உட்காரும். அதனால் டேட்டாபேஸ் இலேசாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வகைக்கு ஒரு வரி போடும் பிளகின்களின் தலைவலி குறையும், அவ்வளவுதான்.) கூரியர் காசுக்கு நிறம் எதற்கு? எடைதானே வேண்டும். அதற்கு வூகொமர்ஸிலேயே ஷிப்பிங் கிளாஸ் இருக்கிறது. இலேசு, நடுத்தரம், பாரம் என்று மூன்று வைத்தோம். இடத்துக்கு ஷிப்பிங் ஸோன் மூன்று. அஞ்சல் குறியீட்டை வைத்துப் பிரிக்கலாம், மட்டக்களப்புக்கு 30000, கல்முனைக்கு 32300 என்று. 1248 கட்டம் இருந்த இடத்தில் இப்போது 9 கட்டம். அந்தப் பிளகினையே கழற்றிவிட்டோம்.

வகைகளை 17 ஆகக் குறைத்த வேலைதான் நேரம் எடுத்தது. பழைய வகைகளை அழிக்கும் முன் பொருட்களை மொத்தமாகத் தெரிவு செய்து புது வகைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேறு வகை இல்லாத பொருளெல்லாம் 'வகைப்படுத்தாதவை'யில் போய்க் குவியும். நானா வட்சப்பில் பலருக்கும் அனுப்பியிருந்த பழைய இணைப்புகளையும் புது வகைகளுக்குத் திருப்பிவிட்டோம்.

பிளகின் செய்தவர்களுக்கு விவரமாக எழுதியிருக்கிறேன், அந்தச் சிவப்பு வரியைக் கேட்டு. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இதேபோலக் கட்டங்கள் வெறுமையாகிற கடை யாருக்கும் இருந்தால், புதுப் பக்கேஜுக்குக் காசு கட்டும் முன் எத்தனை வகை, வரிக்கு எத்தனை கட்டம் என்ற இரண்டு எண்ணையும் உள்பெட்டியில் அனுப்புங்கள். பெருக்கிப் பார்த்துச் சொல்கிறேன்.