ஆறா, எட்டா?

இந்தப் பதிவை எங்கள் தெரு மெக்கானிக் கடைப் பையனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். அவன் முகநூலில் இல்லை, இதைப் படிக்கப் போவதும் இல்லை. இருந்தாலும்.

2024 ஜூலை 23, செவ்வாய்க்கிழமை. காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் போனில் ஒரு மெசேஜ். என் ஸ்கூட்டர் நம்பர் போட்டு, ஜூலை 2ஆம் தேதி பகல் 11.42க்கு ஹெல்மெட் போடாமல் ஓட்டியதாக 1,000 ரூபாய் அபராதம். முதலில் மோசடி என்றுதான் நினைத்தேன். வாட்ஸப்பில் 'சலான்' என்று சொல்லி ஒரு ஆப்பை அனுப்பி, அதைத் தொட்டதும் வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிற கும்பல் ஊருக்கு ஊர் இருக்கிறதே. அதனால் லிங்க்கைத் தொடாமல், அரசின் இ-சலான் தளத்தை நானே டைப் செய்து திறந்தேன். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து இலக்கங்களைப் போட்டேன். சலான் நிஜம். அதிலிருந்த படம் மட்டும் போனில் திறக்கவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஜூலை 2 அன்று வண்டி என்னிடம் இல்லை. அது நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்றைக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். ஸ்கூட்டர் மெக்கானிக் கடையில் கிடந்தது. என் மூளை கணக்குப் போட ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை: பையன் எடுத்துக்கொண்டு சுற்றியிருக்கிறான்.

சாயங்காலம் நேராகக் கடைக்குப் போய்ப் பத்துப் பேர் முன்னால் கேட்டும் விட்டேன். அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அண்ணே, கார்ப்பரேட்டரைக் கழட்டி மண்ணெண்ணெய்ல ஊற வச்ச வண்டிய எவண்ணே ஓட்டுவான்?"

சரிதான். மறுநாள் ஜூலை 3 அன்று நான் கூகுள் பேயில் காசு போட்டுத்தான் வண்டியை எடுத்திருக்கிறேன், போனிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பார்க்கவில்லை. ஒரு எந்திரம் நம்பரும் மணியும் போட்டு அடித்துச் சொன்னவுடன், பத்து வருஷமாக என் வண்டியைத் தொட்டுப் பார்க்கிற கடையைச் சந்தேகப்பட்டேன். இதில் போன மானத்துக்குப் பக்கத்தில் அந்த ஆயிரம் ரூபாய் பெரிய விஷயமே இல்லை.

மறுநாள் வேலை இடத்துக் கம்ப்யூட்டரில் படம் திறந்தது. கறுப்பு மோட்டார் பைக். ஓட்டுகிறவர் தலையில் ஒன்றும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர் சுருட்டிய கோரைப்பாய் ஒன்றைத் துப்பாக்கி மாதிரி தோளில் சாத்தியிருக்கிறார். என்னுடையது சாம்பல் நிற ஸ்கூட்டர்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். 26 வருஷமாகக் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், காலண்டர் என்று எண்களோடுதான் பிழைப்பு. படத்தைப் பெரிதாக்கி நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். கடைசி எழுத்து வரை என் நம்பர்தான், ஒரே ஒரு இலக்கத்தைத் தவிர. எனக்கு எட்டு, அந்த வண்டிக்கு ஆறு. ஆறின் மேல் வளைவு வலது பக்கம் திறந்திருக்கும் அல்லவா, சரியாக அந்த வாயில் பிளேட்டை முடுக்கிய போல்ட்டின் தலை உட்கார்ந்திருக்கிறது. துருப்பிடித்துக் கறுத்த போல்ட். தூரத்திலிருந்து பார்த்தால் எட்டேதான். எந்திரத்தைக் குறை சொல்ல முடியாது, கண்ணாடி போடாமல் பார்த்தால் நானும் எட்டு என்றுதான் சொல்லியிருப்பேன்.

எந்திரம் தப்பாகப் படித்ததில் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு அப்புறம் நடந்ததில்தான்.

இந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன். கேமரா படம் எடுக்கும், மென்பொருள் நம்பரைப் படிக்கும், அந்த நம்பருக்குரிய பெயரையும் போன் நம்பரையும் வாகனப் பதிவுத் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும். சலான் அங்கிருந்து கிளம்பும். அதே பதிவில் வண்டியின் நிறமும் மாடலும் இருக்கின்றன. உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். (வாகன வகை என்ற கட்டத்தில் மோட்டார் சைக்கிளையும் ஸ்கூட்டரையும் ஒன்றாகவே போட்டிருப்பார்கள், அது உதவாது. மாடலும் நிறமும் உதவும்.) என் வீட்டு போன் நம்பர் வரை தேடி எடுக்கத் தெரிந்த கம்ப்யூட்டருக்கு, அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற 'சாம்பல்' என்பதைப் படிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அச்சகத்தில் எண் என்றால் ஒருவர் கண்ணை நம்ப மாட்டோம். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துக்கொண்டே வருவார். ஒருமுறை ஆவணி 24 என்பது ஆவணி 14 ஆகி, 500 பத்திரிகை அச்சாகிவிட்டது. முதலாளி மறுபேச்சுப் பேசாமல் மொத்தத்தையும் திரும்ப அடித்துக் கொடுத்தார். பேப்பர், மை, ஆள்கூலி எல்லாம் எங்கள் தலையில். பெண்ணின் அப்பாவை வரவழைத்து, "தேதி தப்புன்னு நிரூபிங்க, 15 நாள் கழிச்சு பதில் சொல்றோம்" என்று யாராவது சொல்லியிருந்தால் கடை மறுநாள் திறந்திருக்காது.

இங்கே நான்தான் நிரூபிக்க வேண்டும். தளத்திலேயே புகார் கொடுக்க வழி இருக்கிறது. ஆர்.சி. நகல், வண்டியை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் எடுத்த படங்கள், கூகுள் பே பதிவு எல்லாவற்றையும் ஏற்றினேன். கடை நடத்துகிற மெக்கானிக்கிடம் பில் புத்தகம் கிடையாது. என் மேல் இருந்த வருத்தத்தையும் மீறி, ஸ்பேர் பார்ட்ஸ் கடை ரசீது ஒன்றின் பின்பக்கம் 'இந்த வண்டி ஜூலை 1, 2 என் கடையில் இருந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதையும் படமெடுத்து ஏற்றினேன். மூன்று வாரம் பதில் இல்லை. அரை நாள் லீவு போட்டு அலுவலகத்துக்கே போனேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை, அங்கே இருந்தவர்கள் மோசமானவர்களும் இல்லை.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஆட்டோ டிரைவர். காக்கிச் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று கேட்டேன். "ஆட்டோ ஓட்டுறப்ப ஹெல்மெட் போடலையாம் சார்" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை, அவர் சிரிக்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். வரிசை நகரவில்லை. அவர் கணக்குப் பார்த்தார். "இங்க நின்னா இன்னிக்கு ஓட்டம் போச்சு. நாளைக்கும் வரச் சொல்லுவாங்க. கட்டிட்டா ஆயிரத்தோட முடிஞ்சுது." போனை எடுத்தார், கட்டினார், போய்விட்டார்.

கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் பதிவாகும். ஆக, ஆட்டோவில் ஹெல்மெட் போடாத குற்றத்தை ஒரு மனிதர் ஒப்புக்கொண்டதாக அரசுப் பதிவேட்டில் இன்று ஒரு வரி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் ஹெல்மெட் வழக்குக்குரிய 194டி பிரிவில் அபராதத்தோடு மூன்று மாதம் லைசென்ஸைப் பிடித்து வைக்கவும் இடம் உண்டு. லைசென்ஸ்தான் அவர் சோறு.

என் முறை வந்தது. உள்ளே ஒரு பெண் காவலர். சலான் நம்பரைச் சொன்னேன். படத்தைத் திறந்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "இது ஸ்கூட்டரே இல்லையேண்ணா" என்றார்.

நாலு விநாடி இருக்கும். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அந்த நாலு விநாடியை அனுப்புவதற்கு முன்னால் யாராவது செலவழித்திருந்தால் என் அரை நாள், மூன்று வாரம், மெக்கானிக் பையனின் முகம் எதுவும் வீணாகியிருக்காது. "மேடம், அப்ப கேன்சல் பண்ணிடுங்க" என்றேன். இங்கிருந்து முடியாது, எழுதிக் கொடுங்கள், மேலே போகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்ல மனசோடுதான், "ஆயிரம் ரூபாதானேண்ணா, கட்டிட்டா அலைச்சல் இல்ல" என்றார்.

எல்லோரும் இதையே சொன்னார்கள். முதலாளி, மச்சான், பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார். 'தானே' என்கிற அந்த ஒரு சொல்லில்தான் இந்த ஏற்பாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் வரை ஹெல்மெட்டுக்கு நூறு ரூபாய்தான் அபராதம், அதன் பிறகு ஆயிரம். ஆயிரம் என்பது சண்டை போடுவதற்குச் சின்னத் தொகை, விட்டுவிடுவதற்குப் பெரிய தொகை. அலைந்து திரும்பினால் அதற்கு மேல் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நம்மில் பல பேர் கட்டிவிடுகிறோம். கட்டிவிட்டால் அந்தத் தப்பு தப்பாகவே எண்ணப்படாது. கேமரா சரியாகப் பிடித்தது, ஓட்டியவர் ஒப்புக்கொண்டார், வழக்கு முடிந்தது. தன் தப்பு என்னவென்று அந்த எந்திரத்துக்குத் தெரியப்போவதே இல்லை. அதை வாங்கி வைத்தவர்களுக்கும்.

கேமராவே வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை நான். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்திருக்கிறார்கள், அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள்தான் அதிகம். கேமரா கையூட்டு கேட்காது, லுங்கி கட்டியவனை மட்டும் நிறுத்தாது, "யாருடைய ஆளு நீ" என்று விசாரிக்காது. அந்த வகையில் மூலையில் நிற்கிற எந்தச் சார்ஜென்ட்டையும்விட அதை நான் நம்புவேன். கோரைப்பாய்க்காரர்கள் பிடிபட வேண்டியவர்கள்தான். இந்தக் கூத்தில் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கைகூடப் போகவில்லை என்பதும் சேர்த்துத்தான் என் வயிற்றெரிச்சல்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். 2021இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பஸ்ஸுக்கான தடத்தில் கார் ஓட்டியதாக, சர்ரேயில் இருந்த ஒருவருக்கு அபராத நோட்டீஸ் போனது. படத்தில் காரே இல்லை. ஒரு பெண் நடந்து போகிறார். அவருடைய டீ ஷர்ட்டில் 'நிட்டர்' (KNITTER) என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைக் கேமரா நம்பர் பிளேட் என்று படித்துவிட்டது! எழுத்துகளுக்கு நடுவே ஒரு 19ஐயும் அதுவே கண்டுபிடித்துக்கொண்டது. நெதர்லாந்தில் தலையைச் சொறிந்தவரை போனில் பேசியதாகப் பிடித்து 380 யூரோ போட்டது இன்னொரு கேமரா. டீ ஷர்ட் படத்தை ஒரு மனிதக் கண் பார்த்திருந்தால் அது தாண்டியிருக்காது. புரூஃப் பார்க்கிறவர்களுக்கு வேலை போய்விடும் என்று பத்து வருஷமாகச் சொல்கிறார்கள். போகட்டும், ஆனால் யாராவது ஒருத்தர் பார்க்கணும் இல்லையா?

சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கேமராவுக்கு மாநில அரசு நியமிக்கும் அதிகாரியின் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கே கேமரா இருக்கிறது என்று கண்ணில் படும்படி பலகை வைக்க வேண்டும். அந்த விதிப்படி நோட்டீஸை 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும். வழக்கு முடியும் வரை பதிவை அழிக்கக் கூடாது. எனக்கு வந்தது 21ஆவது நாள். என் மனுவில் இந்த விதியின் எண்ணைப் போட்டு ஒரு பத்தி எழுதினேன். அந்தப் பத்தி வேலை செய்ததா, பாய் வேலை செய்ததா தெரியாது.

உங்களுக்கு வந்தால், அவசரப்பட்டுக் கட்டாதீர்கள். முதலில் படத்தைத் திறந்து சேமித்துக்கொள்ளுங்கள், போனில் திறக்காவிட்டால் கம்ப்யூட்டரில். அன்றைக்கு வண்டி எங்கே இருந்தது என்பதற்குப் பணப் பரிமாற்றம், பார்க்கிங் சீட்டு, பெட்ரோல் பில் எதுவானாலும் எடுத்து வையுங்கள். 2024இல், சலான் மெய்நிகர் நீதிமன்றத்துக்கு, அதாவது இணையத்திலேயே நடக்கிற நீதிமன்றத்துக்கு, போய்விட்டால் அங்கே கட்டுகிறேன், எதிர்க்கிறேன் என்று இரண்டு வழி காட்டியது. எதிர்க்கிறேன் என்றால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறியது, நேரில் போக வேண்டியிருந்தது. அதனால் அதற்கு முன்பே மனு கொடுத்துவிடுவது நல்லது. மனுவுக்கு ரசீது எண் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். முக்கியமாக, படத்தைப் பார்ப்பதற்கு முன் யாரையும் போய்ச் சட்டையைப் பிடிக்காதீர்கள்.

என் சலான் ஐந்து வாரம் கழித்து ரத்தானது. மெசேஜ் எதுவும் வரவில்லை. அபராதம் போட்டதைச் சொல்லத் தெரிந்த அதே போன் நம்பருக்கு, தப்பு எங்களுடையது என்று ஒரு வரி அனுப்ப ஆள் இல்லை. தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு நாள் நிலுவைப் பட்டியலில் அது இல்லாததைக் கவனித்தேன். அன்று சாயங்காலம் மெக்கானிக் கடைக்கு அரைக் கிலோ மிக்சரும் அல்வாவும் வாங்கிக்கொண்டு போனேன். பையன் வாங்கிக்கொண்டான், "பரவால்லண்ணே" என்றான். ஆனால் இப்போதெல்லாம் என் வண்டியை விட்டால் சாவியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், போன வாரம் மறுபடி ஒரு மெசேஜ். இந்தத் தடவை நேராகக் கம்ப்யூட்டரில்தான் திறந்தேன். அதே கறுப்பு பைக், அதே துருப்பிடித்த போல்ட். பாய் இல்லை. மனிதர் ஹெல்மெட் போட்டிருக்கிறார், சிவப்பு விளக்கைத்தான் தாண்டியிருக்கிறார்.