சுருக்குப்பையில் இருப்பதும் பணம்தான்

சனிக்கிழமை அந்த மருந்தகத்தில் நடந்ததைப் பற்றி நான் எழுதியதை நீங்கள் அநேகமாக எல்லோருமே படித்திருப்பீர்கள் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. சர்க்கரை நோய் மாத்திரைக்கு வந்த ஒரு பாட்டி சுருக்குப்பையிலிருந்து எடுத்து நீட்டிய மூன்று நூறு ரூபாய்த் தாள்களை, ரொக்கம் வாங்க மாட்டோம், போனில்தான் அனுப்ப வேண்டும் என்று மறுத்து அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்களே, அந்தப் பதிவுக்கு வந்த பின்னூட்டங்களுக்குப் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

"காலம் மாறிவிட்டது, பாட்டியின் பேரன் ஒரு போன் வாங்கிக் கொடுக்கலாமே" என்று எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. பேரன் இருக்கிறானா, இருந்தால் எங்கே இருக்கிறான் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வருத்தம் ஒரே ஒரு பின்னூட்டத்தின் மேல்தான். பிளஸ் டூவில் என்னிடம் வேதியியல் படித்து, இன்று பெங்களூருவில் நல்ல வேலையில் இருக்கும் மாணவர் எழுதியிருந்தார்: "டீச்சர், மறைப்பதற்கு ஏதாவது வைத்திருப்பவர்கள்தான் ரொக்கம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார்கள்." அதற்கு எத்தனையோ பேர் விருப்பக்குறி இட்டிருந்தார்கள். அவர்களில் என் சக ஆசிரியர்களும் இருந்தார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் யுபிஐக்கு எதிரானவள் அல்ல. பால்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் நானும் போனிலிருந்துதான் பணம் அனுப்புகிறேன். 2016-இல் தொடங்கிய ஒரு வசதி, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது என்பது சாதாரணச் சாதனை அல்ல. வகுப்பில் மாணவர்களிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ரொக்கத்தை மறுக்காதீர்கள். போனில் தருகிறவரிடம் போனில் வாங்கிக்கொள்ளுங்கள், கையில் தருகிறவரிடம் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்டதற்குத்தான் பிற்போக்குவாதி என்றும், பதுக்கல்காரி என்றும் பெயர் வாங்கியிருக்கிறேன்.

"கடை அவர்களுடையது, எப்படிப் பணம் வாங்குவது என்பதை அவர்கள்தானே முடிவு செய்ய வேண்டும்" என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934-இன் 26-ஆம் பிரிவு, ஒவ்வொரு நோட்டும் இந்தியாவின் எந்த இடத்திலும் சட்டப்படி செல்லும் என்று சொன்னாலும், விற்பனைக்கு முன்பே "ரொக்கம் வாங்க மாட்டோம்" என்று அறிவித்துவிடும் கடையை அது எந்த அளவுக்குக் கட்டுப்படுத்தும் என்பதில் வாதத்துக்கு இடம் இருக்கிறது. அந்த வாதத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்றுதான் வேறு நாடுகள் தனியாகச் சட்டம் இயற்றின. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 1978-லேயே செய்தது. 2019-இல் பிலடெல்பியாவும், 2020-இல் நியூயார்க் நகரமும் ரொக்கத்தை மறுக்கும் சில்லறைக் கடைகளைத் தடை செய்தன. நோட்டுகளை ஏறத்தாழ மறந்தேவிட்ட நார்வே, 2024 அக்டோபரில் வாடிக்கையாளரின் ரொக்க உரிமையைச் சட்டத்தில் வலுப்படுத்தியது. இவை தொழில்நுட்பத்தில் நம்மைவிடப் பின்தங்கிய நாடுகள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மேலும் இங்கே நாம் பேசிக்கொண்டிருப்பது துணிக்கடையைப் பற்றி அல்ல, மருந்தகத்தைப் பற்றி. சர்க்கரை நோய் மாத்திரைக்கு வந்த கிழவியிடம் "வேறு கடைக்குப் போங்கள்" என்று சொல்லும் உரிமையைப் பற்றி.

இனி, மறைப்பதற்கு ஏதும் இல்லாதவர்கள் ஏன் பயப்பட வேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என்னுடைய கடந்த மாத வங்கிக் கணக்கு அறிக்கையை முழுவதும் படித்துப் பார்த்தேன். எந்த மருத்துவரிடம் எந்த நாளில் போனேன், எந்தப் பரிசோதனைக் கூடத்தில் எவ்வளவு கட்டினேன், எந்தக் கோயில் உண்டியலுக்கு என்ன போட்டேன், எந்த உறவினருக்கு எத்தனை முறை கடன் கொடுத்தேன், வாரத்தில் எத்தனை நாள் சமைக்காமல் வெளியில் வாங்கிச் சாப்பிட்டேன் என்று என் ஒரு மாத வாழ்க்கை நிமிடக் கணக்கோடு அதில் இருந்தது. நான் குற்றம் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் அந்தத் தாளை மடித்து அலமாரியில் உள்ளே தள்ளிதான் வைத்தேன். வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுகிறோமே, உள்ளே குற்றம் செய்வதற்காகவா போடுகிறோம்?

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர், ஒரு மாலை ஆட்டோவுக்கு போனில் பணம் அனுப்பினார். பல செயலிகளில் நம் அலைபேசி எண்ணே பணம் அனுப்பும் முகவரியாகவும் இருப்பதால், அவருடைய முழுப்பெயரும் எண்ணும் நாற்பது ரூபாய்க் கட்டணத்தோடு சேர்ந்து அந்த ஓட்டுநரிடம் போய்விட்டன. இரவு பதினொரு மணிக்கு "மேடம் சாப்பிட்டாச்சா" என்று ஆரம்பித்த செய்திகள் மூன்று வாரம் நீடித்தன. அந்தப் பெண் எண்ணை மாற்றினார், பள்ளிக்கு வரும் வழியையும் மாற்றினார். வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு இருபது ரூபாய்த் தாள்களைக் கொடுத்து இறங்கியிருந்தால், அவர் யார் என்று அந்த ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை. மறைப்பதற்கு ஏதும் இல்லை என்று சொல்பவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று தயவுசெய்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமைக்கு நம் அன்றாடத்தில் என்ன வடிவம் இருக்கிறது என்று கேட்டால், சட்டைப் பையில் இருக்கும் அந்தக் காகிதம் ஒரு வடிவம் என்று நான் சொல்வேன். கொடுப்பவர் யார் என்று கேட்காத பணம் அது ஒன்றுதான்.

பெங்களூருவில் இருக்கும் என் மாணவருக்கு அவருடைய ஊரிலேயே நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 2025 ஜூலையில் கர்நாடக வணிக வரித்துறை, யுபிஐ வரவுகளைக் கணக்குப் பார்த்து, ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டியதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. வரி விலக்குள்ள காய்கறி விற்றவர்களும் அதில் சிக்கினார்கள். தேநீர்க் கடைகளிலும் பேக்கரிகளிலும் க்யூஆர் அட்டைகளைக் கழற்றிவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி ஒட்டினார்கள். பிறகு முதலமைச்சர் வணிகர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. வரி கட்ட வேண்டியவர் கட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் "அட்டை வையுங்கள், அட்டை வையுங்கள்" என்று சொன்னதால் வைத்தவர், அந்த அட்டையே பின்னாளில் தன்மேல் சாட்சி சொல்லும் என்று அறிந்தா வைத்தார்? மகன் அனுப்பிய பணமும், கைமாற்றாக வாங்கிய கடனும், விற்ற தேநீரும் அந்தக் கணக்கில் ஒரே மாதிரியான வரவாகத்தான் தெரியும்.

ரொக்கம் இருந்தால் கறுப்புப் பணம் பதுங்கும் என்பார்கள். 2016-இல் செல்லாது என்று அறிவித்த நோட்டுகளில் 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டன என்று ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கையே சொன்னது. அதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

"போன் வேலை செய்யாத நாள் எத்தனை நாள் வரும், அதற்காகவா இவ்வளவு பேச்சு" என்று ஒருவர் கேட்டிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நான் சென்னையில் என் தங்கை வீட்டில் இருந்தேன். இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை, போனில் உயிர் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்த வண்டியில் பால் வாங்க, அந்த அடுக்ககத்தில் நன்றாகச் சம்பாதிக்கும் இளைஞர்கள் எல்லோரும் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கைமாற்று கேட்டு நின்றார்கள். பாட்டியும் முகம் சுளிக்காமல் கொடுத்தார். கடைக்காரர்கள் பலர் நோட்டையே தொடாத ஸ்வீடன்கூட, நெருக்கடிக் காலத்துக்கு வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள் என்று தன் மக்களுக்கு அறிவுறுத்துகிறது.

ரிசர்வ் வங்கியே மின்னணு வடிவில் வெளியிடும் டிஜிட்டல் ரூபாய் வந்தால் இந்தக் கவலை எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022 டிசம்பர் 1 அன்று பொதுமக்களுக்கான சோதனையைத் தொடங்கியது. சிறு தொகைகளுக்கு ரொக்கத்தைப் போல ஓரளவு அடையாளம் மறைக்கும் வசதி இருக்கும் என்று சொல்லப்படுவதை நான் அலட்சியம் செய்யவில்லை. நல்லபடியாக அமைந்தால் வரவேற்கவும் செய்வேன். ஆனால் இன்ன செலவுக்கு மட்டும்தான் செல்லும், இன்ன தேதி வரைக்கும்தான் செல்லும் என்று பணத்துக்குள்ளேயே நிபந்தனை எழுதிவைக்கும் வசதியையும் சேர்த்து அறிவித்திருக்கிறார்கள். மானியம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேரும் என்பது அதற்கான காரணம். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. எனக்குப் புரியாதது, உரத்துக்கென்று கொடுத்த பணத்தில் பிள்ளையின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கும் தாயை அந்த நிபந்தனை என்ன செய்யும் என்பது.

என் அம்மா அப்படித்தான் எங்களை வளர்த்தார்.

சிறுவாடு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தயிர் விற்றதில் இரண்டு ரூபாய், கீரை விற்றதில் ஒரு ரூபாய் என்று அப்பாவின் கணக்குக்கு வராமல் அம்மா சேர்த்துவைத்த காசு அது. பருப்புப் பானைக்கு அடியில், மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருப்பார். அப்பா கெட்டவர் அல்ல. ஆனால் வீட்டில் எல்லாப் பணமும் அவர் கையில்தான் இருக்க வேண்டும், எல்லாச் செலவையும் அவர்தான் சொல்ல வேண்டும். 1991-இல் நான் பி.எஸ்சி. முடித்ததும் "பெண்ணுக்கு இதற்கு மேல் என்ன படிப்பு" என்று அவர் முடித்துவிட்டார். பி.எட். விண்ணப்பத்துக்கும் முதல் தவணைக் கட்டணத்துக்கும் வேண்டிய பணத்தை, ஐந்தும் பத்துமாக, நாற்றம் பிடித்த கசங்கல் நோட்டுகளாக, விடியற்காலையில் மாட்டுக் கொட்டகையில் வைத்து அம்மா என் கையில் கொடுத்தார். எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது.

ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு, அதே மஞ்சள் துணியை அம்மா முதல்முறையாக எல்லோர் முன்னாலும் அவிழ்க்க வேண்டிவந்தது. முப்பத்தொரு ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் இருந்தன. அம்மாவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. மாற்றித் தர அடையாள அட்டை கேட்டார்கள், படிவம் கேட்டார்கள், ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பும் வைத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் அப்பாவின் கணக்கில் போட்டார்கள். சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்த திண்ணையில் அப்பா கேட்டார், "எனக்குத் தெரியாமல் இவ்வளவா வைத்திருந்தாய்?" அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஐம்பது வருடம் அந்த வீட்டில் உழைத்தவர் திருடியவரைப் போல நின்றதை நான் என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பணம் கிணற்று மோட்டாருக்குப் போனது. அம்மாவிடம் திரும்பி வரவே இல்லை.

ஆகவே தம்பி, நீ கேட்டாயே, மறைப்பதற்கு ஏதாவது இருப்பவர்கள்தானே ரொக்கம் கேட்பார்கள் என்று. ஆமாம். என் அம்மா மறைத்தார். அவர் மறைத்த பணத்தில்தான் நான் ஆசிரியை ஆனேன். நீ பத்து மதிப்பெண்ணில் தவறிவிடுவாய் என்று பயந்து அரையாண்டு விடுமுறையில் என் வீட்டுக்கு வந்து படித்தாயே, அந்த வீட்டுக் கதவு அந்தப் பணத்தால் திறந்தது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ நல்ல பிள்ளை. யோசிக்காமல் எழுதிவிட்டாய் என்றுதான் நினைக்கிறேன்.

மருந்தகத்தின் நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. வரும் சனிக்கிழமை அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைக்காக மறுபடியும் அங்கேதான் போக வேண்டும். போன் கைப்பையில்தான் இருக்கும், எடுக்க மாட்டேன். நோட்டைத்தான் நீட்டுவேன். வாங்க மறுத்தால், மறுப்பதை எழுதி முத்திரை வைத்துக் கொடுக்கும்படி கேட்பேன், கொடுக்கும் வரை அங்கேயே நிற்பேன்.