டார்வின் சாகும்போது மனம் மாறினாரா?

காங்கேயத்திலிருந்து பழனிக்கு நடக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'டார்வின் மரணப்படுக்கையில் பரிணாமக் கொள்கையைக் கைவிட்டு பைபிளைக் கையில் எடுத்தார்.'

பொய். அவர் இறந்தது 1882-இல். இந்தக் கதை அச்சேறியது 1915-இல், அமெரிக்காவில். சொன்னவர் ஹோப் சீமாட்டி என்ற ஆங்கிலேய மதப் பிரசாரகர்; டார்வினைப் படுக்கையில் நேரில் பார்த்ததாகச் சொன்னார். அப்பாவின் கடைசி நேரத்தில் கூடவே இருந்த மகள் ஹென்ரியெட்டா, அந்தம்மா அங்கே வரவே இல்லை என்று 1922-இல் எழுதிவிட்டார்.

சரி, டார்வின் நாத்திகரா? அதுவும் இல்லை. தீவிர ஆத்திகர் ஒருவர் பரிணாமத்தையும் ஏற்கலாம், இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று 1879-இல் ஒரு கடிதத்தில் எழுதியவரே அவர்தான்.

குழுவில் காவடி எடுக்கும் விலங்கியல் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். செய்தியைப் படித்துவிட்டுக் கேட்டார்: "நான் மலையேற அவரு எதுக்குங்க மனசு மாறோணும்?"