ஸ்டீல் தொட்டி வாங்கினால் சாராய நெடி போகாது

வீட்டில் பியர் நொதிக்க வைப்பவர்களுக்கு, "பிளாஸ்டிக் வாளியை மாத்தி ஸ்டீல் கூம்புத் தொட்டி வாங்குங்க, பியர்ல அந்தச் சாராய நெடி போயிடும்" என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். போகாதுங்க. அந்த நெடி பெரும்பாலும் சூட்டால் வருவது. நொதிக்கும்போது ஈஸ்ட்டே வெப்பத்தை உண்டாக்கும். அறையைவிட உள்ளே சில டிகிரி கூடவே இருக்கும். ஏல் என்ற பியர் வகைக்கான வழக்கமான ஈஸ்ட்டுக்கு 18–20 டிகிரி செல்சியஸ்தான் சரி. (நார்வேயின் க்வைக் ஈஸ்ட் வேறு ரகம், சூட்டைத் தாங்கும்.) 28-ல் விட்டால் தங்கத் தொட்டியிலும் அதே நெடிதான்.

அதனால் முதல் செலவு, வாளியை உள்ளே வைக்க ஒரு பழைய ஃபிரிட்ஜ், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட்டின் சென்சாரைக் காற்றில் தொங்கவிடாமல் வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே ஃபோம் வைத்துக் கட்டுங்க. ஸ்டீலில் எளிதில் கீறல் விழாது, கிருமி ஒளிய இடமில்லை, அது உண்மை. ஆனால் கீறல் விழுந்த வாளிக்குப் பதில் புது வாளியே வாங்கிடலாமே, விலை சொற்பம்.