பெயர் சொல்வது ஒன்று, மொழி சொல்வது வேறு

'ஜிப்சி' என்ற பெயர் 'எகிப்து' என்பதிலிருந்து வந்தது, ஆகவே ஜிப்சிகள் என்று அழைக்கப்படும் ரோமா மக்களின் பூர்வீகம் எகிப்து என்று சிலர் சொல்வதுண்டு. பெயர் வந்த கதை சரிதான். ஆனால் அது ஐரோப்பியர்கள் தவறாக நினைத்து வைத்த பெயர். ரோமா மக்களின் மொழியான ரோமானி இந்தியாவிலிருந்து போனது. ஜெர்மானிய அறிஞர் ரூடிகர் 1782இலேயே இதை எழுதிவிட்டார்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இணைய அகராதி எதிலாவது ரோமானி எண்களைத் தேடுங்கள். யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என்று வரும். பக்கத்தில் இந்தி எண்களை வைத்தால் விளக்கமே வேண்டாம். தண்ணீருக்கு 'பானி', மூக்குக்கு 'நாக்', மனிதனுக்கு 'மனுஷ்'.

அப்புறம் ஏழு, எட்டு, ஒன்பதைப் பாருங்கள்: எஃப்தா, ஒக்தோ, என்யா. மூன்றும் கிரேக்கம்! எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பாதையைக் குறிக்கும் 'த்ரோம்' என்ற சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்ததே. எண்ணும் எண்களையே மாற்றிக்கொள்ளும் அளவுக்குக் கிரேக்கம் பேசியவர்களோடு நெடுங்காலம் பழகியிருக்கிறார்கள். ஐரோப்பாவின் மற்ற பகுதிகளுக்குப் பரவியது அதற்குப் பிறகுதான்.