"லைவ்தானே, பார்த்துக்கலாம்" என்று இனி யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்

இருபத்து மூன்று விநாடி. போன வியாழக்கிழமை எங்கள் மாணவர் வானொலியில் அவ்வளவு நேரம் ஒன்றுமே ஒலிபரப்பாகவில்லை. பாட்டு இல்லை, பேச்சு இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. முடிந்ததும் ஆர்.ஜே சிரித்துக்கொண்டே வெளியே வந்து, "லைவ்னா இதெல்லாம் சகஜம்தானே" என்றான். அப்போது அடக்கிய கோபத்தைத்தான் இங்கே கொட்டுகிறேன்.

சகஜம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருபத்து மூன்று வரை எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். வானொலி கேட்பவருக்கு முகம் தெரியாது, திரை கிடையாது, அவருக்கு நம் சத்தம் ஒன்றுதான் நாம். அது நின்றால் நிலையம் போய்விட்டது என்றுதான் நினைப்பார், நான்கைந்து விநாடியில் கை வேறு அலைவரிசைக்குப் போய்விடும், போனவர் திரும்பி வருவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இதனால்தான் பெரிய நிலையங்களில் சத்தம் நின்றதைக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், குறித்த நேரத்துக்கு மேல் மௌனம் நீடித்தால் அது தானாக மாற்றுப் பாட்டை ஓடவிடும். எங்களிடம் அது இல்லை. அதனால்தான் ஆட்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று தொண்டை வற்றக் கத்துகிறேன்.

எப்படி நடந்தது என்றும் சொல்கிறேன். தூக்கமின்மை பற்றி மாலை 5 மணி முதல் 6 மணி வரை நேரலை. விருந்தினர் ஒரு மனநல ஆலோசகர். அவர் வரத் தாமதமானால் போடுவதற்கென்று வளாகத்தில் பத்துப் பேரிடம் கருத்துக் கேட்டு, அதை வெட்டி ஒட்டி 2 நிமிடம் 10 விநாடிக்கு ஒரு துண்டு தயார் செய்து வைத்திருந்தேன். அவர் தாமதமாகத்தான் வந்தார், அதில் தவறே இல்லை, வேலையிலிருந்து நேராக ஓடி வந்த மனிதர். ஆனால் கன்சோலில், அதாவது பாட்டையும் குரலையும் கலந்து வெளியே அனுப்பும் மேசையில், இருந்தவருக்கு அந்தக் கோப்பு கிடைக்கவில்லை. ஏனென்றால் நான் வைத்த பெயரை யாரோ மாற்றி, வேறு ஃபோல்டரில் "ஃபைனல் நியூ 2" என்று சேமித்திருக்கிறார்கள்! பாட்டு முடிந்துவிட்டது, ஆர்.ஜே ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஆர்.ஜே-யின் ஹெட்ஃபோனுக்குள் பேச உதவும் டாக்பேக் பொத்தானை அழுத்தி அழுத்திக் கத்துகிறேன், ஹெட்ஃபோன் காதில் இல்லாதவனுக்கு அது எப்படிக் கேட்கும்? இப்படிப் போயிற்று அந்த இருபத்து மூன்று விநாடி.

லைவ் என்றால் திட்டமே வேண்டாம் என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது? பதிவு செய்த நிகழ்ச்சியில் தப்பு நடந்தால் வெட்டி எறியலாம், உளறினால் மறுபடி பேசலாம். லைவில் வாயிலிருந்து போனது போனதுதான். அப்படியென்றால் இந்த இரண்டில் எந்த நிகழ்ச்சிக்கு அதிகம் தயாராக வேண்டும்? இதில் என்ன சந்தேகம் இருக்க முடியும் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

நான்கு நாள் உட்கார்ந்து ரன் ஷீட் எழுதினேன், எது எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று வரிசையாகச் சொல்லும் தாள். கடைசியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுத வேண்டும் அதை. சரியாக 6 மணிக்கு அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிடும், நமக்காக ஒரு விநாடி காத்திருக்காது. முடிவு இசை 20 விநாடி, விடைபெறும் பேச்சு 40 விநாடி, அதற்கு முந்தைய பாட்டு 3 நிமிடம் 40 விநாடி, ஆக அந்தப் பாட்டு 5 மணி 55 நிமிடம் 20 விநாடிக்குத் தொடங்கியே ஆக வேண்டும். இப்படி ஒவ்வொரு வரியாகப் பின்னால் வந்து, தொலைபேசி அழைப்புகளுக்கு 12 நிமிடம் ஒதுக்கினேன். நான்கு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். முன்னுரைக்கு ஒன்றரை நிமிடம் போட்டு, அதை நானே வாய்விட்டுப் படித்து நேரம் பார்த்துத்தான் எழுதினேன். ஆர்.ஜே முன்னுரைக்கு எடுத்துக்கொண்டது ஆறு நிமிடம். ஸ்கிரிப்டை ஓரமாக வைத்துவிட்டு, வகுப்பு நண்பர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வாழ்த்து. "ஷீட் பார்த்தியா?" என்று முந்தின நாள் கேட்டதற்கு "பார்த்தேன்க்கா" என்றவன் அதை முதன்முதலாகப் பிரித்தது மைக் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு.

விருந்தினரிடம் முதல் கேள்வி, "உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க." அவரைப் பற்றி நாம் படித்துவிட்டு வந்து நாம்தானே கேட்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்! எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்று, "படுத்தபின் எத்தனை நேரம் தூக்கம் வராவிட்டால் எழுந்துவிடுவது நல்லது?" அது கேட்கப்படவே இல்லை. அதற்குப் பதிலாக, "தூக்கம் முக்கியம் இல்லையா மேடம்?" ஆமாம் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டார் அவர், வேறு என்ன சொல்வார்.

அப்புறம் மைக். முகத்துக்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி, நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், அப்போதுதான் 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் போய் முட்டாது. முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பது இது. இவர்கள் ஒரு வரி மைக்கைக் கடித்துப் பேசுகிறார்கள், அடுத்த வரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு பேசுகிறார்கள், கன்சோலில் இருப்பவர் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றி இறக்கியே களைத்துப் போகிறார். சிரிக்கும்போது லெவல் சிவப்புக்குப் போகிறது. டிஜிட்டலில் உச்சவரம்பைத் தாண்டினால் ஒலியலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், அந்த இரைச்சலை எந்த மென்பொருளாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஸ்டுடியோவுக்குள் அலைபேசி கொண்டுவராதீர்கள் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறோம், அழகுக்கா ஒட்டினோம்? கேபிளுக்குப் பக்கத்தில் வைத்த போனுக்கு அழைப்பு வரும்போது "டட்டட் டட்டட்" என்று நேரலையில் கேட்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறார்கள்?

சரி, ஆட்களுக்கு வருவோம், எனக்கு வயிறு எரிவது இங்கேதான். குழுவில் பன்னிரண்டு பேர். அன்றைக்கு வந்தது நான்கு பேர். பன்னிரண்டு பேருக்கும் ஆர்.ஜே ஆக ஆசை, தொலைபேசியில் உட்கார ஒருவருக்கும் மனசில்லை. தொலைபேசியில் உட்காருவது என்ன சாதாரண வேலையா? அழைப்பவர் யார், என்ன கேட்கப் போகிறார், நிதானமாகப் பேசுகிறாரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்தில் ஓடும் வானொலியை அணைக்கச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவர் குரலே சுற்றி வந்து ஊளையிடும். இணையத்தில் கேட்பவராக இருந்தால் நம் ஒலி அவருக்கு அரை நிமிடம் வரைகூடத் தாமதமாகப் போகும், தன் குரலே பின்னாலிருந்து கேட்கக் கேட்கக் குழம்பிப் பேச்சை நிறுத்திவிடுவார். யாராவது ஒருவர் பெயரைச் சொல்லித் திட்டினால், அவதூறாகப் பேசினால், பொறுப்பு நிலையத்துக்கு. சில நிலையங்கள் ஏழெட்டு விநாடி தாமதம் வைத்து ஒலிபரப்புகின்றன, கெட்ட வார்த்தை வந்தால் வெளியே போவதற்குள் அமுக்கிவிடலாம். எங்களிடம் அதுவும் கிடையாது, எங்கள் ஒரே பாதுகாப்பு அந்த நாற்காலியில் உட்காரும் ஆள். அன்றைக்கு அந்த ஆள் "அஞ்சு நிமிஷத்தில் வந்துடறேன்" என்று 5.20-க்கு வெளியே போனவர், திரும்பி வந்தது 5.50-க்கு.

நிர்வாகத்தையும் விடுவதாக இல்லை. நிகழ்ச்சி தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பொறுப்பாளர் வந்து, துறை விழா அறிவிப்பு ஒன்று இருக்கிறது, மூன்று நிமிடம்தான், நடுவில் சேர்த்துவிடு என்கிறார். எந்த மூன்று நிமிடத்தை எடுப்பது என்று கேட்டால் முகம் சுளிக்கிறார். ஒரு பக்கம் கேட்காத ஹெட்ஃபோனை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்து மாதக்கணக்காகிறது. ஆனால் பிப்ரவரி 13 உலக வானொலி நாள் வந்துவிட்டால் போதும், ஐ.நா. வானொலி 1946-ல் தொடங்கிய நாள் என்று பேசிவிட்டு, அதே ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். மீதி நாளெல்லாம் அந்த அறை அவர்களுக்கு மடக்கு நாற்காலி அடுக்கி வைக்கும் இடம்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. 5.30-க்கே ஓர் அம்மா அழைத்திருக்கிறார். தொலைபேசியில் ஆள் இல்லாததால் நான்தான் ஓடிப்போய் எடுத்தேன். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் கணவரை இரவெல்லாம் பார்த்துக்கொள்கிறாராம், பகலில் தூங்கலாம் என்றால் கண் மூட மாட்டேன் என்கிறதாம், அந்த டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டுமாம். "லைனிலேயே இருங்கம்மா, இப்போ சேர்த்துடறேன்" என்றேன். இருந்தார். அழைப்புகளுக்கு வைத்திருந்த 12 நிமிடத்தில் முன்னுரை நான்கரை நிமிடத்தைத் தின்றிருந்தது, அறிவிப்பு மூன்றைத் தின்றிருந்தது. மிச்சம் நான்கரை நிமிடம். அதிலும் முதல் அழைப்பாக ஆர்.ஜே தன் நண்பனை எடுத்து, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தான். 5.55 ஆனது, பாட்டு போட வேண்டிய நேரம். இருபத்தைந்து நிமிடம் காத்திருந்த அந்த அம்மாவிடம் நேரம் முடிந்துவிட்டது என்று நான்தான் சொன்னேன். "பரவாயில்லப்பா, நீங்க நல்லா பண்றீங்க, நான் தினமும் கேட்பேன்" என்று சொல்லி வைத்தார்.

என்ன நல்லா பண்றோம்? அந்த வார்த்தையைக் கேட்டு எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. சிரித்துக்கொண்டு வெளியே வந்தவனிடம் இதைச் சொன்னேன், அவன் முகமும் மாறிவிட்டது, அது உண்மை. ஆனால் முகம் மாறினால் போதாது.

புதன்கிழமை 4 மணிக்கு ஒத்திகை. முழு ஒரு மணி நேரம், கடிகாரத்தோடு, மைக்கைத் திறந்து வைத்து, போலி அழைப்புகளோடு. ரன் ஷீட் இன்றைக்கே அனுப்பிவிட்டேன், கோப்புகளின் பெயரை யாரும் தொடக் கூடாது. ஒத்திகைக்கு வராதவர் யாராக இருந்தாலும் வியாழக்கிழமை உள்ளே இடமில்லை, ஆர்.ஜே உட்பட. ஆலோசகர் இன்னொரு முறை வர ஒப்புக்கொண்டிருக்கிறார். முதல் அழைப்பு 5 மணி 12 நிமிடத்துக்கு, அதை நாமே அந்த அம்மாவுக்குப் போடுகிறோம், அவர் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்.