நான்கு நிமிட வியர்வையும் நாற்பத்தெட்டு மணிநேரக் கதையும்

எந்தக் காணொளியைப் பற்றி எழுதுகிறேன் என்று திருகோணமலை நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஞாயிறு முதல் நீங்கள்தான் அதை எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். டச்பே கடற்கரையில் நடந்துகொண்டிருந்த பெண்களின் பக்கம் கைபேசியைத் திருப்பி, நான்கு நிமிடம் உயிரைக் கொடுத்துப் பயிற்சி செய்தால் 48 மணிநேரம் உடம்பு தானாகக் கொழுப்பை எரிக்கும் என்றும், இவர்கள் நடந்து நேரத்தை வீணாக்குகிறார்கள் என்றும் அந்தப் பயிற்சியாளர் தம்பி சிரித்தாரே, அதைத்தான் சொல்கிறேன்.

அந்த நான்கு நிமிடம் வானத்திலிருந்து விழவில்லை. 1996இல் ஜப்பானில் இசுமி தபாட்டா குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. உடற்கல்வி பயிலும் இளைஞர்கள் பயிற்சிச் சைக்கிளில் 20 செக்கன் முழு மூச்சுடன் மிதித்து, 10 செக்கன் ஓய்ந்து, அதை ஏழெட்டுத் தடவை செய்தார்கள். வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். ஒட்சிசன் உள்ளெடுக்கும் திறனும் கூடியது, ஒட்சிசன் போதாத நிலையில் உழைக்கும் திறனும் 28 வீதம் கூடியது. மிகச் சிறந்த விளைவுதான், யார் மறுத்தார்கள்? ஆனால் அந்த ஆய்வு பார்த்தது இயலுமையை. கொழுப்புக் கரைவதை அல்ல. அதே மாணவர்கள் வாரத்தில் ஒரு நாள் 30 நிமிடம் சீரான பயிற்சியும் செய்தார்கள் என்பதைக் காணொளியில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை போலும்.

பயிற்சி முடிந்த பின்னும் உடம்பு கூடுதலாகச் சக்தி செலவழிப்பது உண்மை. முழு வேகத்தின் முதற் சில செக்கன்களில் தசை தன்னிடமுள்ள கிரியேற்றின் பொசுபேற்று என்ற உடனடிச் சக்திச் சேமிப்பைக் கரைக்கிறது. பிறகு கிளைக்கோசனை, அதாவது தசையில் சேமித்த மாச்சத்தை, ஒட்சிசன் போதாமலே உடைக்கிறது. ஓய்ந்த பின் அந்தச் சேமிப்பை நிரப்பவும், அப்போது சேர்ந்த லக்டிக் அமிலத்தை ஒழுங்குபடுத்தவும், ஏறிய உடற்சூட்டைத் தணிக்கவும் மேலதிக ஒட்சிசன் தேவைப்படுகிறது. பட்ட கடனைத்தான் உடம்பு அடைக்கிறது. நான்கு நிமிடத்தில் எவ்வளவு கடன் படலாம்? நிமிடத்துக்கு 15 கிலோகலோரி என்று தாராளமாக வைத்தாலும் மொத்தம் 60. பிந்திய செலவு, பயிற்சியில் செலவானதன் 6 முதல் 15 வீதம் வரை என்பதே ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் தரும் அளவு. ஆகக் கூடியது 9. சரி, தம்பிக்காக இரட்டிப்பாக்கி 18 என்று வைப்போம். தேநீருக்குப் போடும் ஒரு தேக்கரண்டி சீனியில் 16 கிலோகலோரி இருக்கிறது. சில ஆய்வுகளில் மறுநாள் வரை உயர்வு அளக்கப்பட்டதும் உண்மையே, ஆனால் சிறிய உயர்வு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் சாதாரண வேகத்தில் ஒரு மணிநேரம் நடந்தால் ஏறக்குறைய 200 கிலோகலோரி செலவாகும். வீணாகிய நேரம் எது?

அந்தக் காணொளியில் ஊதா நிறச் சால்வையுடன் போகிறவர் என் அக்கா. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் குளிசை எடுப்பவர். நடக்கச் சொன்னது கிளினிக் வைத்தியர். சுருங்கும் தசை இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோசை உள்ளே எடுத்துக்கொள்ளும் என்பதால், சாப்பாட்டுக்குப் பின்னான மெதுவான நடைகூட அவருக்கு மருந்துதான். இப்போது அவர் கடற்கரைக்கு வர மறுக்கிறார். மாலையில் வளவுக்குள் கிணற்றடிக்கும் படலைக்கும் இடையில் நடக்கிறார். தென்னோலை கிடந்தால் குனிந்து எடுத்து வேலியோரம் போட்டுவிட்டுத் தொடர்கிறார். பக்கத்து வீட்டார் ஏதாவது தேடுகிறீர்களா என்று கேட்டார்களாம்.

“இளைஞர்களை ஊக்கப்படுத்தக் கூடாதா?” என்று கேட்கிறீர்கள். ஊக்கப்படுத்துங்கள். நேரமில்லாதவருக்குக் குறுகிய தீவிரப் பயிற்சி நல்ல வழி, இதய நோயாளிகளுக்கும் கண்காணிப்புடன் கொடுக்கிறார்கள். “உங்களுக்குப் பொறாமை” என்பதற்குப் பதில் இல்லை. “நீங்கள் என்ன பயிற்சியாளரா?” என்றும் ஒருவர் கேட்டார். இல்லை ஐயா, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவள், அவ்வளவுதான். அந்தக் கணக்குக்குப் பட்டம் எதற்கு? நான்கு நிமிடத்தால் இதயமும் நுரையீரலும் பலப்படும் என்று சொல்லியிருந்தால் நானே பகிர்ந்திருப்பேன். கொழுப்பு எரியும் என்று சொன்னால்தான் மாதக் கட்டணம் வரும் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் அதற்கு எங்கள் வீட்டுப் பெண்களின் முதுகைப் படம்பிடிக்க வேண்டுமா? அவர்கள் உடுத்தியிருந்ததைப் பற்றியும் கீழே எழுதினார்களே, அதில் எந்த உடற்றொழிலியல் இருக்கிறது?

“மனதில் எடுக்காதீர்கள் அக்கா, பகிடிக்குத்தான்” என்று அந்தத் தம்பி எனக்கு உட்பெட்டியில் எழுதியிருக்கிறார். தம்பி, பகிடி எனக்கும் விளங்கும். முதலில் அந்தப் பெண்கள் வரும் பகுதியை நீக்குங்கள், 48 மணிநேரக் கணக்கையும் திருத்துங்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு கதைக்கலாம், அதையும் என்னிடம் அல்ல, என் அக்காவிடம்.